தலையாட்டாத அக்கா

புரியாத விஷயத்துக்கு அக்கா தலையாட்டி நான் பார்த்ததே இல்லை. நமக்கெல்லாம் அது பழக்கம். பேங்கிலோ ஆஸ்பத்திரியிலோ எதிரே இருப்பவர் வேகமாக எதையோ சொல்லி முடித்ததும் கழுத்து தானாக ஆடிவிடும். வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் ஒருவரையொருவர் பார்த்து, "என்ன சொன்னாரு?" என்று கேட்டுக்கொள்வோம். அக்காவுக்கு அந்தக் கழுத்தே கிடையாது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து காந்தி மார்க்கெட்டில் பூண்டு மண்டி வைத்திருந்தார்கள். குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் ரோட்டை ஒட்டிய தெருவில். கீழே அவர்கள், மாடியில் நாங்கள், அடுப்பு ஒன்று. எத்தனை முறை குளித்தாலும் ஆண்கள் இருவர் மேலும் பூண்டு வாசனை இருக்கும். இப்போது அக்கா ஓசூரில் மகனோடு இருக்கிறார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் போன் செய்து, "எதுக்கு எழுதினே, எனக்குப் புரியலையே" என்பார். அதற்குப் பதில் சொல்லி என்னால் மாளாது.

நான் அவரை முதலில் பார்த்தது, அதாவது கதவிடுக்கு வழியாகப் பார்த்தது, லால்குடியில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது. பேச்சு கல்யாணச் செலவுக்கு வந்தது. என் சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாங்க சிம்பிளா பண்றதாத்தான் இருக்கோம். ஆனா உங்க கௌரவத்துக்கு ஒரு குறையும் வராது" என்றார். வந்திருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். மெரூன் கலர் பட்டுப் புடவை கட்டிய ஒரு பெண்மணி மட்டும் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்குப் புரியலைங்க மாமா. சிம்பிளாவா, கௌரவமாவா?"

சித்தப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த அம்மா இருக்கிற வீட்டுக்கா நான் போக வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் சித்தப்பா, வேறு வழியில்லாமல், எங்களால் எவ்வளவு முடியும் என்பதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். அக்கா, "அவ்வளவு போதுங்களே, இதுல என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டார். அந்தக் கல்யாணத்தில் யாரும் யாரோடும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அது ஏன் என்று யோசிக்க எனக்குப் பல வருஷம் பிடித்தது.

அவர் கேட்கிற விதத்தில் குத்தல் இருக்காது. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொள்வார். கைப்பையைக் காலடியில் வைப்பார். "எனக்குப் புரியலைங்க, இன்னொரு தடவை சொல்லுங்க" என்பார். சொன்னவர் அதே வார்த்தைகளை இன்னும் சத்தமாகச் சொன்னால், "காது கேக்குதுங்க, அர்த்தம்தான் ஏறலை" என்பார். வெட்கம் துளியும் இருக்காது. வெட்கப்படுவது பெரும்பாலும் கூடப் போன நாங்கள்தான்.

ஒருமுறை அவர் மகன் படித்த ஸ்கூலில் எங்களை வரச் சொல்லியிருந்தார்கள். பையனின் ஆட்டிட்யூட் சரியில்லை என்றார் ஹெட்மாஸ்டர்.

"ஆட்டிட்யூட்னா என்னங்க சார்? அவன் என்ன செஞ்சான்?"

"மரியாதைக் குறைவா நடந்துக்கறான்."

"அதான் என்ன செஞ்சான்னு புரியலைங்க. திட்டினானா?"

"திட்டல. அந்த மாதிரி... ஒரு போக்கு."

"போக்குன்னா?"

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், "சிரிக்கிறாம்மா. நான் பேசும்போது சிரிக்கிறான்" என்றார். எதைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று அக்கா உண்மையான அக்கறையோடு கேட்டார். ஹெட்மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பையனைக் கூப்பிட்டுக் கண்டித்துவிட்டுத்தான் அக்கா வீட்டுக்கு வந்தார். எதற்காகக் கண்டிப்பு என்று அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

இப்படியே எழுதிக்கொண்டு போகலாம். ஆனால் அவரை நான் உண்மையில் தெரிந்துகொண்டது என் வீட்டுக்காரருக்கு உடம்பு கெட்ட பிறகுதான்.

முதுகுவலியில் ஆரம்பித்தது. மூட்டை தூக்கியதால் வந்த பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். சட்டை தொளதொளவென்று ஆனது. ஒருநாள் முகம் மழிக்கும்போது கழுத்தில், காறை எலும்புக்கு மேலே, ஒரு கட்டி தட்டுப்பட்டது. அதை எடுத்துச் சோதித்தபோது கேன்சர் என்று வந்தது. மன்னார்புரம் பக்கம் ஒரு சென்டரில் உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் இருந்தது, முதுகெலும்பில் இருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், கீழ் வழியாகவும் பார்த்தார்கள். அங்கெல்லாம் ஒன்றுமில்லை. இவ்வளவையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு தில்லை நகரில் கேன்சர் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தோம். நான், என் வீட்டுக்காரர், அவருக்கு மூத்தவரான அண்ணன், அக்கா.

டாக்டர் நல்லவர். நாற்பது வயதிருக்கும். வெளியே கூட்டம் நின்றதால் கொஞ்சம் வேகமாகப் பேசினார். "கழுத்துல இருக்கு, லிவர்ல இருக்கு, எலும்புல இருக்கு. ஆனா பிரைமரி எங்கன்னு கிடைக்கலை. திசுவுல பண்ண வேண்டிய டெஸ்டும் பண்ணியாச்சு, தெளிவா வரலை. இந்த மாதிரி கேஸ்ல பொதுவா ஒரு கீமோ குடுப்போம். அடுத்த வாரமே ஆரம்பிச்சுடலாம்."

மூத்தவர் தலையாட்டினார். என் வீட்டுக்காரரும் ஆட்டினார். கீமோ என்ற சொல்லைத் தவிர என் காதில் எதுவும் விழவில்லை; நானும் ஆட்டினேன். நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"எனக்குப் புரியலைங்க டாக்டர். லிவர்ல இருக்குன்னா அது லிவர் கேன்சர்தானே?"

"இல்லம்மா. வேற எங்கயோ ஆரம்பிச்சு லிவருக்கு வந்திருக்கு."

"வந்து தங்கிடுச்சுல்ல? லிவருக்கு வந்தப்புறம் லிவரோடதா ஆயிடாதா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "ஆகாதும்மா. நுரையீரல்ல பொறந்த செல் லிவர்ல போய் உக்காந்தாலும் அது நுரையீரல் செல்தான். அதோட குணத்துக்குத்தான் மருந்து. தங்கியிருக்கற இடத்துக்கு இல்ல."

"அப்ப தம்பிக்கு எங்க பொறந்ததுன்னு தெரியாம எந்த மருந்துங்க குடுப்பீங்க?"

"பல இடத்துக்கும் ஓரளவு பொருந்தற மருந்து."

"ஓரளவுன்னா?"

மூத்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "டாக்டருக்குத் தெரியாததா? நீ சும்மா இரு."

"டாக்டருக்குத் தெரியுங்க. எனக்குத்தான் தெரியலை. அதான் கேக்கறேன்."

டாக்டர் என் வீட்டுக்காரரின் ரிப்போர்ட்டை மறுபடி புரட்டினார். பிறகு ஒரு டெஸ்ட் இருப்பதாகச் சொன்னார். எல்லாரிடமும் அதைச் சொல்வதில்லை என்றார். இந்த ஊரில் செய்வதில்லை, பெங்களூருக்கு அனுப்ப வேண்டும், செலவு அதிகம், சில டாக்டர்கள் அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை என்றுகூடச் சொல்வார்கள் என்றார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதுல என்னங்க பார்ப்பாங்க?" என்றார்.

"உடம்புல எந்த செல்லை எடுத்தாலும் உள்ள இருக்கற ஜீன் எல்லாம் ஒண்ணுதான். ஆனா எல்லா ஜீனும் எல்லா இடத்துலயும் வேலை செய்யாது. லிவர்ல சிலது முழிச்சிருக்கும், மத்தது தூங்கும். கிட்னியில வேற சிலது முழிச்சிருக்கும். கேன்சராகி ஊர் சுத்தற செல்லும் பொறந்த இடத்துப் பழக்கத்தை முழுசா விடாது. எந்தெந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளந்து, ஏற்கெனவே தெரிஞ்ச கட்டிகளோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. எதோட ஒத்துப்போகுதோ அங்க பொறந்திருக்கும்னு ஒரு கணிப்பு."

அந்த வாரம் முழுக்க வாயே திறக்காத என் வீட்டுக்காரர் அப்போது பேசினார். "எங்க மண்டியில மலைப்பூண்டும் வடக்கத்திப் பூண்டும் ஒரே மூட்டையில கலந்து வந்துடும் டாக்டர். நான் மோந்து பார்த்தே பிரிச்சிடுவேன். அந்த மாதிரியா?"

டாக்டர் சிரித்தார். "கிட்டத்தட்ட அதான். ஆனா ஒண்ணு. சில பேருக்கு பதிலே வராது. வந்தாலும் நூத்துக்கு நூறுன்னு சொல்ல முடியாது. சரியா சொன்னாலும் மருந்து கேக்காம போகலாம். இதை எல்லாம் யோசிச்சுட்டு சொல்லுங்க."

இன்னொரு சிக்கலும் இருந்தது. கழுத்திலிருந்து எடுத்த திசு, செய்த சோதனைகளிலேயே தீர்ந்துபோயிருந்தது. புதிதாக ஈரலிலிருந்து ஊசி போட்டு எடுக்க வேண்டும். பதில் வர நாளாகும். கொஞ்சம் பொறுக்கலாம், உடம்பில் தெம்பு இருக்கிறது, ஆனால் ரொம்பத் தள்ளிப்போட முடியாது என்று சொல்லி டாக்டர் எங்களை அனுப்பினார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் நடந்த சண்டை மாதிரி அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் இல்லை. மூத்தவர் தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். "நோய் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா? பெங்களூர்லேருந்து கடுதாசி வர்றதுக்குள்ள எம் தம்பிக்கு ஒண்ணு ஆயிட்டா நீ பதில் சொல்லுவியா?" என்று அக்காவிடம் கத்தினார்.

"சொல்ல முடியாதுங்க" என்றார் அக்கா. "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா டாக்டரே பொறுக்கலாம்னுதானே சொல்றாரு. அவரு பொறுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தா நானே கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன்." பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "உங்க உடம்பு தம்பி. நாங்க ஆளாளுக்குக் கத்திக்கிட்டிருக்கோம். நீங்க சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு இன்னொரு ஊசி வேண்டாம் அண்ணி."

மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் மொட்டை மாடியில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இவர் வெயிலுக்காகச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா மேலே வந்து, தண்ணீர்த் தொட்டித் திண்டில் உட்கார்ந்தார். யாரும் கேட்காமலே அவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அவர் பிறந்தது பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் என்பது எனக்குத் தெரியும். இது தெரியாது.

"அம்மாவுக்கு வயித்துல கட்டி. ஆபரேஷன் பண்ணின டாக்டர் அப்பாவைத் தனியா கூப்பிட்டு என்னென்னமோ சொன்னாராம். அப்பாவுக்கு ஒர்க்‌ஷாப் சத்தத்துல காது பாதி போயிடுச்சு. கேக்கலைன்னு சொல்ல வெக்கம். தலையாட்டிட்டு வந்துட்டாரு. நாங்க பிள்ளைங்க எல்லாம் சுத்தி நின்னுக்கிட்டு என்னப்பா சொன்னாருன்னு கேட்டோம். சரியாயிடும்னாருன்னு சொன்னாரு. நாங்களும் நம்பி விளையாடப் போயிட்டோம். பொங்கலுக்கு அம்மா இல்ல."

இவர் கேட்டார். "அப்பா மேல இன்னும் கோவமா அண்ணி?"

"கோவம் என்ன தம்பி, பாவம் அவரு. கேட்டிருந்தா அம்மா பொழைச்சிருப்பாங்கன்னும் நான் சொல்லலை. ஆனா தெரிஞ்சிருந்தா அந்த ரெண்டு மாசம் நாங்க விளையாடப் போயிருக்க மாட்டோம். அம்மாகூட உக்காந்திருப்போம்."

ஈரத்துணியைப் பிழிந்தபடியே நின்றுவிட்டேன். இவர் முகத்தைத் தடவிக்கொண்டார். "சரி அண்ணி. ஊசி எங்க போடுவாங்க, எவ்வளவு நேரம் வலிக்கும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

"நீங்களே கேளுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

அவரே கேட்டார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரர் ஒரு டாக்டரை நேருக்கு நேர் பார்த்துக் கேள்வி கேட்டது அன்றுதான். ஸ்கேன் பார்த்துக்கொண்டே விலாவுக்குக் கீழே ஊசி போடும் டாக்டர் அவருக்கு விரலால் தொட்டு இடத்தைக் காட்டினார். வெளியே வந்தபோது இவர், "எறும்பு கடிக்கிற மாதிரின்னு சொன்னாங்க, அது பொய். கட்டெறும்பு" என்றார்.

பெங்களூருக்குத் திசு போன பிறகு காத்திருந்த நாட்கள்தான் மோசம். மூத்தவர் மண்டிக்குப் போவார், வருவார், அக்காவிடம் பேச மாட்டார். பக்கத்து வீட்டு மாமி தினமும் ரங்கநாதர் கோயில் பிரசாதம் கொண்டுவருவார். அவருடையது தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். ஒருநாள் இவர் நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இட்டுவிட்டு, கூடத்துக்கு வந்து, "விசாரப்படாதேங்கோ. எல்லாம் பெருமாள் திருவுள்ளம்" என்றார்.

அக்கா வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து, "எனக்குப் புரியலை மாமி. தம்பிக்கு இப்படி வரணும்னு பெருமாளே நெனைச்சாரா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமி கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று பார்த்தால், அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து ஒரு வாழைப்பூ மடலை எடுத்துப் பிரித்தார். "எங்காத்துக்காரர் போனப்போ நானும் கேட்டுண்டேண்டி அம்மா. இன்னி வரைக்கும் எனக்கும் புரியலை. ஆனா அப்படிச் சொல்லிண்டாத்தான் காலம்பற எழுந்து கோலம் போட முடியறது" என்றார். அதற்குப் பிறகு மாமி எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பிரசாதம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வாழைப்பூவை இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆய்ந்து முடித்தார்கள்.

டாக்டரின் கிளினிக்குக்கு அக்கா தினமும் போன் செய்வார். "வந்துடுச்சுங்களா?" என்பார். அக்காவின் குரலைக் கேட்டதும் அங்கே இருந்த பெண், "இன்னும் இல்லக்கா" என்று சொல்லும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டது. இதற்குமேல் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் கீமோவுக்கு நாள் குறித்துவிட்டார். அந்த வாரத்தில்தான் முடிவு வந்தது.

கிட்னி.

முதலில் நாற்காலியை இழுத்தது இந்த முறையும் அக்காதான். "ஸ்கேன்ல கிட்னி நல்லா இருக்குன்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேம்மா. இப்பவும் நல்லாத்தான் தெரியுது. சில பேருக்குப் பொறந்த இடத்துல கட்டி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதா இருக்கும். சில சமயம் அங்க அழிஞ்சே போயிருக்கும். எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. அதனால புதுசா எடுத்த திசுவுல கிட்னிக்குன்னு இருக்கற சாயங்களைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அதுவும் ஒத்துப்போகுது. நாம குடுக்க இருந்த கீமோ கிட்னி கேன்சருக்கு அவ்வளவா வேலை செய்யாது. இதுக்கு மாத்திரை இருக்கு. கூடவே ட்ரிப் ஏத்தற மருந்து ஒண்ணு. முழுசா குணமாகும்னு சொல்ல மாட்டேன். கட்டுப்படுத்தலாம்."

"எவ்வளவு நாளைக்குங்க?"

"அது எனக்கே தெரியாதும்மா."

"சரிங்க" என்றார் அக்கா. தெரியாது என்று நேராகச் சொன்னவரிடம் அவர் இரண்டாம் முறை கேட்க மாட்டார்.

வெளியே, படிக்கட்டில், மூத்தவர் மனைவியின் கைப்பையை வாங்கித் தான் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் சமாதானம். அப்படியே ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம்.

மாத்திரை சும்மா விடவில்லை. உள்ளங்கால் தோல் உரிந்தது. பஞ்சு மாதிரிச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டார். வாயெல்லாம் புண். தலைமுடியும் மீசையும் பளிச்சென்று வெளுத்துவிட்டது. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், "என்ன மொதலாளி, ஒரே மாசத்துல தாத்தா ஆயிட்டீங்க" என்று கேலி செய்தார்கள். ஆனால் அப்படிக் கேலி செய்யும்படி அவர் மார்க்கெட்டுக்குப் போனார் என்பதுதான் விஷயம். கழுத்துக் கட்டி கரைந்தது. ஈரலில் இருந்தது சுருங்கியது. முதுகுவலி போய், பழையபடி காவிரிப் பாலம் தாண்டி வண்டி ஓட்டிக்கொண்டு விடியலில் மண்டிக்குப் போனார். முதல் வருஷம் பயத்தில் போயிற்று. இரண்டாவது வருஷம் சண்டை போட ஆரம்பித்தோம், சாதாரண வீடுகளில் போடுகிற சண்டை, சாம்பாரில் உப்பு, மின்விசிறி வேகம். எங்கள் மகள் ப்ளஸ் டூ முடித்தாள். காலேஜில் சேர்த்து ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவர் அவர்தான். மூன்றாவது வருஷம் மாத்திரை கேட்காமல் போனது. வேறு மாத்திரை. அதுவும் கொஞ்ச காலம் தாங்கியது.

கடைசியாக ஒருநாள் டாக்டர் என்னையும் அக்காவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டு, "இனிமே வீட்டுலயே வெச்சுப் பார்த்துக்கலாம்" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததாலேயே கேட்க முடியவில்லை. பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவின் கையைப் பிடித்து, "போதும்க்கா. கேக்காதீங்க. எனக்குத் தெரிய வேண்டாம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. திறந்திருந்த கதவு வழியாக வெளியே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்தார். "சரி சுமதி. உனக்குத் தெரிய வேண்டாம். நீ போய்த் தம்பிகூட உக்காரு. நான் கேட்டுட்டு வரேன். யாராவது ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும்."

நான் வெளியே வந்தேன். இவர் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். கதவு மூடியிருந்தது. வெகுநேரம் கழித்து அக்கா வந்தார். முகத்தைக் கழுவியிருந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் அவர் செய்தவற்றை வைத்து ஒவ்வொன்றாக எனக்குத் தெரிந்தது. வலிக்கு எந்த மருந்து, அது எந்த அளவில் போதாமல் போகும், போதாமல் போனால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார். இவருடைய கட்டிலைக் கீழ்ப் போர்ஷனுக்கு, ஜன்னலோரம் இறக்கச் செய்தார். சாப்பாடு இறங்காத நாள் வந்தபோது நான் ஸ்பூனோடு அழுதேன். "அது வேணாம்னு உடம்பே சொல்லுது, கட்டாயப்படுத்தாதே. உதட்டை மட்டும் நனைச்சு விடு" என்றார். அவர் குரலில் பதற்றம் இல்லாததால் எனக்கும் பதற்றம் குறைந்தது.

பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், என்னிடம்கூடச் சொல்லாமல், ஹாஸ்டலுக்குப் போன் செய்து மகளை வரவழைத்தார். "பரீட்சையை அப்புறம் எழுதிக்கலாம். அப்பாகூட உக்காரு" என்று அவளிடம் சொன்னாராம். அவள் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காலேஜ் கதையெல்லாம் சொன்னாள். இவர் பாதி கேட்டார், பாதி தூங்கினார். ஒரு மத்தியானம் அவள் கையைப் பிடித்துக்கொண்டே போனார். வலி இல்லை. அதை நான் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பாடு ஆனதும் பந்துக்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் மாமனார் வழியில் ஒரு பெரியவர், முசிறிக்காரர், வெற்றிலை போட்டுக்கொண்டே, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் பெருமூச்சு விட்டார்.

"எங்கேருந்து வந்துச்சு, எங்கேருந்து வந்துச்சுன்னு பெங்களூர் வரைக்கும் அனுப்பிப் பார்த்தீங்க. கண்டுபிடிச்சும் என்ன ஆச்சு? கடைசில போயிட்டானே."

சிலர் தலையாட்டினார்கள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எழுந்து அறைக்குள் போய்விடலாம் என்று தோன்றியது. அக்கா எச்சில் இலைகளை எடுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவி உள்ளே வந்துகொண்டிருந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பெரியவர் எதிரே வந்து நின்றார்.

"போன வருஷம் உங்க பொண்ணு கல்யாணத்துல சமையக்காரங்க ரெண்டு பேரு வராம போயிட்டாங்களே, ஞாபகம் இருக்குங்களா மாமா?"

"ஆமா. அன்னிக்கு மானமே போயிருக்கும்."

"சாம்பார் வாளியைத் தூக்கிக்கிட்டு மூணு பந்திக்கும் பரிமாறினது யாருங்க?"

பெரியவர் வாயில் இருந்த வெற்றிலையை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். "உங்க கொழுந்தன்தாம்மா" என்றார் மெதுவாக.

"அதுதாங்க ஆச்சு" என்றார் அக்கா.